ஃபெரி என்று எழுதினால் வான் வண்டி ஏறுமா?

யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஆட்களுக்காகக் கையேடும் அறிவிப்புப் பலகையும் எழுதுகிறவர்களுக்கு, அரச அலுவலகம் என்றாலும் சரி தனியார் என்றாலும் சரி, வணக்கம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து நயினாதீவுக்குப் போவதும் ஃபெரி, நெடுந்தீவுக்குப் போவதும் ஃபெரி, காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவில் ஓடுவதும் ஃபெரி, 2023 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பலும் ஃபெரி என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். பிழை என்று சொல்ல வரவில்லை. போட், அதாவது படகு, என்பது மிதக்கிற பொருளின் பெயர், ஃபெரி என்பது அது பார்க்கிற வேலையின் பெயர். இரண்டு கரைக்கு நடுவில் முறைவைத்து ஆட்களை ஏற்றி இறக்கினால் வள்ளமும் ஃபெரிதான், கப்பலும் ஃபெரிதான். அதனால்தான் அந்தச் சொல்லை மட்டும் வாசிக்கிறவருக்கு எதில் ஏறப்போகிறோம் என்று விளங்குவதில்லை.

என் மச்சான் வன்கூவரில் இருக்கிறார். அங்கே ஃபெரி என்றால் கார், லொறி, பஸ் எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு போகிற பெரிய கப்பல். அந்த நினைப்பில் பிள்ளைகளையும் வாடகை வானையும் கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து நின்றால், முன்னால் ஆடிக்கொண்டு நிற்பது ஒரு படகு. தலையைக் குனிந்து, சின்னப் படியில் கால் வைத்து உள்ளே இறங்கவேண்டும், இருக்கைகள் நெருக்கமாக இருக்கும், டீசல் மணம் மூக்கில் ஏறும். வான் கரையோடு சரி. மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி ஏற்றுவார்கள், அதுவும் படகுக்காரர் சம்மதித்தால்.

காரைநகர்ப் பக்கம் வேறு கதை. அங்கே ஓடுவது தட்டையான மிதவை, ஊர்ச்சனம் அதைப் 'பாதை' என்றுதான் சொல்லும், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஏறிவிடலாம். நெடுந்தீவு ஆட்களும் ஃபெரி என்று கேட்பதில்லை, "குமுதினி வெளிக்கிட்டுட்டுதா, வடதாரகை ஓடுதா" என்று படகின் பெயர் சொல்லித்தான் கேட்பார்கள்.

ஆங்கிலேயர் வைத்த பெயர்களைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடாது. 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது நீராவிக் கப்பல், அதோடு தொடுத்துவிட்ட ரயிலின் பெயரோ போட் மெயில். ஆகவே சொல்லைத் திருத்தச் சொல்லி உங்களோடு மல்லுக்கட்டவில்லை, ஃபெரி என்றே இருக்கட்டும்.

பக்கத்தில் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். வாகனம் ஏறுமா, ஏறாவிட்டால் எங்கே விடுவது, வயதானவர்கள் இறங்கி ஏற வசதி இருக்கா, அப்புறம் முக்கியமாகத் திரும்பிவரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு. கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும் என்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள், அன்றைக்கு யாருக்கு அழைத்துக் கேட்பது என்று ஒரு தொலைபேசி இலக்கத்தோடு. அந்த இலக்கத்தை யாராவது எடுத்துக் கதைக்கவும் வேண்டும்.