சாடை பேசும் பெண் சொல்வதை யார் தமிழில் சொல்வது?

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கும்,

வணக்கம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டுக்கோ, அவர் சொல்லும் இடத்துக்கோ போய்ப் புகாரைப் பதிய வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருக்க வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. இதற்கு முந்தைய சட்டத்திலும் 2013 முதலே இருந்த விதி. ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து இரவு பத்து மணிக்குத் தகவல் வந்தால் யாரை அழைப்பது? அந்தப் பெயரும் எண்ணும் அடங்கிய பட்டியல் காவல் நிலைய எழுத்தர் கையில் இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கும் உறவினரே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார். வழக்கு கெடுவது அங்கேதான். இந்தக் குற்றங்களைச் செய்பவர் பெரும்பாலும் தெரிந்த ஆள். மொழிபெயர்ப்பவர் அவருக்கு வேண்டியவராக இருக்கலாம். பெற்ற தாயே கூச்சத்தில் மகள் காட்டியதில் பாதியை விழுங்கிவிடலாம்.

காது கேளாதோர் பள்ளிக்கே போகாதவருக்கு இந்திய சைகை மொழி தெரியாது. வீட்டுக்குள் உருவான சாடைதான் அவர் பேச்சு. சேலத்திலிருந்து போகும் மொழிபெயர்ப்பாளர் தனியாக அதைப் பிடிக்க முடியாது. சாடையை எளிதில் புரிந்துகொள்ளும் காது கேளாதவர் ஒருவரும் வேண்டும். அவர் சைகை மொழிக்கு மாற்ற, மற்றவர் தமிழுக்குக் கொண்டுவருவார். பட்டியலில் இரண்டு வகைப் பெயர்களும் இருக்கட்டும்.

வீடியோவில் முகம் மட்டும் தெரிந்தால் வாக்குமூலமே போயிற்று. இடுப்பு முதல் தலைக்கு மேல் வரை, இரண்டு கைகளும், மொழிபெயர்ப்பவரும் ஒரே காட்சிக்குள் வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் கைகள் கறுத்துவிடும். நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பின்னர் நீதித்துறை நடுவர் பதியும் வாக்குமூலம், நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு அவரைச் சாட்சியாக முதலில் விசாரிப்பதற்கு ஈடாகவே கொள்ளப்படும் என்பதால், அங்கும் இதே கவனம் வேண்டும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் "அவன் தொட்டானா?" என்று கேட்காதீர்கள். எதற்கும் தலையாட்டிப் பழகியவர் இதற்கும் ஆட்டுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். "என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முன்பு சொன்னது தப்பு என்று நினைத்து மாற்றிச் சொல்வார். தேதி கேட்பதைவிட, காப்பி பறிப்புக்கு முன்னா பின்னா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்பது பலன் தரும்.

பேச முடியாத பிள்ளைகளின் படப் பலகையைப் பாருங்கள். தண்ணீர், சோறு, கழிப்பறை, அம்மா இருக்கும். மார்பு, பிறப்புறுப்பு, "தொட்டார்", "வேண்டாம்", "வலிக்கிறது" இருக்கிறதா? சொல் இல்லாத பிள்ளை எதைக் காட்டிச் சொல்லும்? சிறப்புப் பள்ளிகளின் பலகைகளில் இந்தப் படங்களைச் சேர்க்க உத்தரவிடுங்கள். "பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்றே வளர்க்கப்படும் பிள்ளைக்கு மறுக்கக் கற்றுத்தருவதும் பாடம்தான்.

மருத்துவமனை, அரசோ தனியாரோ, வழக்குப் பதிவுக்காகக் காத்திருக்கக் கூடாது, சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை, வன்முறை நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். மலையிலிருந்து இறங்குவதற்கே நேரம் போய்விடும் என்பதால் புகாரும் வண்டியும் ஒன்றாகக் கிளம்பட்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்தால் தடயம் அழியும்.

மாற்றுத்திறனாளி என்பதாலேயே ஒருவரின் சாட்சியத்தைப் பலவீனமாகக் கருதக் கூடாது என்று, பார்வையற்ற பெண் ஒருவரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பட்டியலைத் தயாரித்து எல்லா நிலையங்களுக்கும் தரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களை அழைத்துச் சரிபார்க்கட்டும். இரவில் வருபவருக்கு வண்டியும் சம்பளமும் எந்தக் கணக்கிலிருந்து என்பதையும் அதே உத்தரவில் எழுதிவிடுங்கள். அது இல்லாத பட்டியலில் இருந்து இரண்டாவது முறை யாரும் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டச் சிறப்பாசிரியர்கள், சைகை மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்