காட்பாடியிலிருந்து மச்சானுக்கு

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து நாலு நாள் ஆகிறது. நம்ம ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கும் மலைப் பக்கமிருந்து அனல்தான் வருகிறது. சர்வர் அறையில் ஏசி கொஞ்சம் முனகினாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பூர் ஷூ யூனிட்டில் கம்ப்யூட்டர்களைக் கேபிளில் இணைக்க 24 போர்ட் ஸ்விட்ச் வாங்கப் போகிறாய். ஒன்று சாதா, இன்னொன்று உள்ளே போய் அமைப்புகளை மாற்றக்கூடிய 'மேனேஜ்ட்' ஸ்விட்ச். இரண்டுமே கிகாபிட், இரண்டிலும் 24 போர்ட். அப்புறம் 'மேனேஜ்ட்' என்ற ஒரு வார்த்தைக்கு ஏன் கூடுதல் காசு என்கிறாய். யோசிக்காமல் கூடுதல் காசைக் கொடு. ஏன் என்பதற்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருஷம் மாணவர்கள் பழகுவதற்காக லேபுக்கு ஒரு பழைய ஐபிஎம் பிளேட்சென்டர் வாங்கினோம். முன்பக்கம் 14 சர்வர்களைப் புத்தக அலமாரி மாதிரி செருகலாம். அந்த சர்வர்களிலிருந்து நெட்வொர்க் கேபிள் ஒன்றுகூட வெளியே வராது. எல்லாம் பெட்டிக்குள்ளேயே ஓடி, பின்பக்கம் செருகியிருக்கும் ஈதர்நெட் ஸ்விட்ச் மாட்யூலில் போய்ச் சேரும். எங்களுடைய மாட்யூலில் சர்வர்களுக்காக உள்ளே 14 போர்ட், பெட்டி முழுவதையும் கவனிக்கும் நிர்வாக மாட்யூலோடு பேச 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 2 போர்ட். வெளியே கண்ணுக்குத் தெரிவது 4 போர்ட் மட்டும்தான். கையகல மாட்யூல், அவ்வளவு வேலை!

கேபிளைச் செருகினோம். விளக்கு எரியவில்லை. கேபிளை மாற்றினோம், முனையில் புது பிளக் வைத்துக் கிரிம்ப் பண்ணினோம், எதிர்ப்பக்க ஸ்விட்சில் போர்ட்டை மாற்றிப் பார்த்தோம். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை லேப்டாப்பை நேராக நிர்வாக மாட்யூலில் சொருகி, 192.168.70.125 என்ற முகவரியைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். ஸ்விட்ச் மாட்யூலின் கூடுதல் அமைப்புகளில் 'வெளிப் போர்ட்கள்: முடக்கம்' என்று இருந்தது. அது அப்படித்தான் வரும், நாம்தான் திறந்துவிட வேண்டும். கையேட்டிலேயே போட்டிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. மாற்றிச் சேமித்தேன். பச்சை விளக்கு வந்ததும் பக்கத்தில் நின்ற பையன் கை தட்டினான். இப்படி உள்ளே போய்ப் பார்த்துத் திருத்த முடிவதுதான் 'மேனேஜ்ட்'.

அப்படி மூடி அனுப்புவது எனக்கு நியாயமாகவே படுகிறது. விவரம் தெரியாமல் இரண்டு கேபிளை ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் செருகினால் லூப் ஆகிவிடும், அதாவது தகவல் ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பிக்கும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, சுற்றிச் சுற்றித் தேய்ந்து செத்துவிடும். அந்தப் பாக்கெட்டைச் சுமந்து ஸ்விட்சுகளுக்கு இடையே போகும் ஈதர்நெட் பிரேமுக்கு அது கிடையாது. யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும், மொத்த ஆபீசும் நின்றுபோகும். இதற்குத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீயைக் கண்டுபிடித்தார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, மிச்சமான வழியை அடைத்து வைக்கும். ஒரு வழி அறுந்தால் அடைத்ததைத் திறந்துகொள்ளும். பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 விநாடி ஆகும், இப்போதுள்ள ரேபிட் முறையில் பெரும்பாலும் ஓரிரு விநாடிதான். விலை குறைந்த அந்த ஸ்விட்சில் இது இருக்குமா என்று கடைக்காரரைக் கேட்டுப் பார்.

நாலு கேபிளைச் சேர்த்துக் கட்டினால் நாலு மடங்கு வேகமா என்றும் கேட்டிருந்தாய். கட்டலாம், இரண்டு பக்கமும் எல்ஏசிபி, அதாவது பல கேபிளை ஒன்றாகப் பாவிக்கும் முறையை, போட வேண்டும். ஆனால் ஒரே ஒரு பைலை நீ காப்பி செய்தால் அது ஒரு கேபிளில்தான் போகும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பலன் தெரியும். ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்காது, எனக்கு அதுதான் பெரிது.

உன் இடத்தில் சிசிடிவி, பில்லிங், வெளியூர் பையர்கள் வந்தால் கொடுக்கும் வைஃபை எல்லாம் இன்று ஒரே வலையில் கிடக்கின்றன. வி-லேன் போட்டு, அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி வலைகளாக, பிரித்துவிடு. தரத்தின்படி 4094 வரை பிரிக்கலாம், உனக்கு நாலு போதும். ஸ்விட்சை நிர்வகிக்கும் வழிக்கு மட்டும் தனியாக ஒன்று வை. பையர் உட்கார்ந்திருக்கும் வைஃபையிலிருந்து அதன் லாகின் பக்கம் தெரியவே கூடாது. தூரத்திலிருந்து ஸ்விட்சில் லாகின் செய்ய, பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை அணைத்துவிட்டு, மறைத்து அனுப்பும் எஸ்எஸ்எச் வை. கடையிலிருந்து வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்று.

இன்னொன்று. மேனேஜ்ட் ஸ்விட்சில் எந்த போர்ட்டில் பிழை எண்ணிக்கை ஏறுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். எங்கள் லேபில் ஒரு போர்ட்டில் சிஆர்சி பிழை, அதாவது வழியில் சிதைந்து வந்த தகவலின் எண்ணிக்கை, மணிக்கு மணி ஏறியது. போய்ப் பார்த்தால் மேஜைக் காலுக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. உன் யூனிட்டில் தையல் மெஷின் மோட்டார்களை ஒட்டித்தானே கேபிள் ஓடுகிறது? முதலில் அந்த போர்ட்களைப் பார்.

எதை மாற்றினாலும் கடைசியில் 'சேவ்' கொடு. போன ஏப்ரலில் அரை நாள் உட்கார்ந்து வி-லேன் எல்லாம் போட்டேன், சேவ் கொடுக்க மறந்துவிட்டேன். மாலையில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் கைவிட்டது. திரும்ப வந்தபோது அத்தனையும் பழையபடி! மறுநாள் முதலிலிருந்து போட்டேன்.

வாங்கியதும் பெட்டியைப் பிரிக்காமல் வை, ஞாயிற்றுக்கிழமை நான் ஆம்பூர் வருகிறேன். உன்னிடம் லேப்டாப்பை நேராக ஸ்விட்சில் இணைக்கும் நீலக் கலர் கன்சோல் கேபிள் ஒன்று இருந்ததே, பாலிடெக்னிக் நாளில் இரண்டு பேரும் காசு போட்டு வாங்கினோமே, அதைத் தேடி எடுத்து வை. அம்மாவிடம் நான் வருவதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி