கார் கண்ணாடி உடைப்பு: குன்னூர் குடியிருப்போர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வியாழன் இரவு நம் சாலையோரம் நிறுத்தியிருந்த இரண்டு கார்களின் பின்கண்ணாடியை உடைத்து மடிக்கணினிப் பைகளைத் திருடியிருக்கிறார்கள். மூடுபனியால் கேமராவில் வெண்புகை மட்டுமே பதிவாகியுள்ளது.

1. காலிப் பையானாலும் வெளியே தெரியும்படி காருக்குள் வைக்க வேண்டாம்.

2. மூன்றாம் நபர் காப்பீட்டில் (நம் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமானது) திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. நம் காரின் சேதத்தையும் சேர்த்து ஈடுசெய்யும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் கார் திருட்டும் உடைந்த கண்ணாடியும் அடங்கும் என்றாலும், உள்ளே இருந்த உடைமைகளுக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் செலுத்தியிருந்தால்தான் பணம் கிடைக்கும். இந்த வரியைப் பெரும்பாலோர் பொருள் போன பிறகே படிக்கிறோம். கண்ணாடிக்கு மட்டும் கோரினாலும் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போகக்கூடும் என்பதால் கணக்குப் பார்த்துக் கோருவது நல்லது.

3. திருட்டு நடந்தால் எதையும் தொடாமல் படமெடுத்து, 100 அல்லது 112-ஐ அழைத்து, காப்பீட்டு நிறுவனத்திற்கும் உடனே தெரிவிக்கவும். காரே காணாமல் போனால் எப்.ஐ.ஆர். நகலுடன் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். மாற்றுச் சாவியை டேஷ்போர்டில் வைத்திருப்பவர்கள் இன்றே வீட்டிற்குள் எடுத்து வைக்கவும்.

ஞாயிறு காலை 11 மணிக்கு, சாலை விளக்குகள், இரவுக் காவல் குறித்துப் பேச வாசல் கார் நிறுத்தத்தில் கூடுவோம். பாலிசி நகலுடன் வரவும். வருவோர் சனி மாலைக்குள் இங்கே பதிலளிக்க வேண்டுகிறேன்.