தனி ஆர்டருக்கு என்ன விலை சொல்வது?

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. உன் பெண் விடுதிக்குப் போய்விட்டாள் என்று படித்தபோது எனக்கே வீடு காலியானது போல இருந்தது. அவள் அறையில் மேஜையைப் போட்டு மெஷினை வைத்துவிட்டாய் என்பது நல்ல செய்தி. இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடி பவர் ஏறிவிட்டது, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் இப்போதெல்லாம் பகலில்தான். மெஷினுக்குப் புது மோட்டார் போட்டிருக்கிறேன், சத்தம் குறைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தனி ஆர்டருக்கு என்ன விலை சொல்வது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரட்டைக் கட்டிலுக்கு ஒட்டுத்துணிப் போர்வை வேண்டும், 90க்கு 100 அங்குலம், சின்னச் சின்னக் கட்டமாக இருக்க வேண்டும், விலை போன தடவையைவிடக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொள், இதுதானே ஆர்டர் கொடுக்க வந்த அந்த அம்மா சொன்னது? "கொஞ்சம் கூட" என்று அவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நீ தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்.

போன தடவை நீ தைத்தது 10 அங்குலக் கட்டம். இந்த அளவுக்கு 9 வரிசை, வரிசைக்கு 10, மொத்தம் 90 துண்டு. இப்போது அவர் கைகாட்டும் படத்தில் இருப்பது 2 அங்குலக் கட்டம். அப்படியென்றால் 45க்கு 50, அதாவது 2,250 துண்டு. வெட்ட, பொருத்த, இஸ்திரி போட என்று ஒரு துண்டுக்கு ஒரே ஒரு நிமிஷம் வைத்தாலும் முப்பத்தேழரை மணி நேரம். பழையதில் துண்டுக்கு இரண்டு நிமிஷம் தாராளமாக வைத்தாலே 3 மணி நேரத்தில் கட்டங்களை இணைத்த மேல்பாகம் முடிந்திருக்கும். போர்வை அதே அளவு. கட்டிலில் விரித்தால் இரண்டும் மூடும் இடம் ஒன்றுதான்.

துணியும் அதிகம் தின்னும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட வேண்டும் இல்லையா? 10 அங்குலக் கட்டத்துக்குப் பத்தரை வெட்டுவாய், நூற்றுக்குப் பத்துப் பங்கு துணிதான் மடிப்புக்குள் போகும். 2 அங்குலக் கட்டத்துக்கு இரண்டரை வெட்ட வேண்டும். பரப்பைப் பெருக்கிப் பார், நூற்றுக்கு 56 பங்கு கூடுதல். துணிச் செலவே ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால்தான் "துணி விலையை மூன்றால் பெருக்கு, அதுதான் விற்கும் விலை" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. வெல்வெட் தலையணை உறைக்கு அந்தக் கணக்கைப் போட்டால் நாலு நேர்த்தையலுக்கு வாங்குபவர் தலையில் பெரிய தொகை விழும். மலிவான பருத்தியில் 2,250 துண்டு பொருத்தினால் நம் தலையில் விழும். துணிச் செலவு தனி, நேரம் தனி, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக முடிச்சுப் போடாதே.

இன்னொன்று. கடைக்கு என்று நீ தைத்து வைக்கும் பை ஒன்றின் விலையோடு தனி ஆர்டரை ஒப்பிடவே கூடாது. அந்தப் பைக்குப் பேட்டர்ன், அதாவது துணி வெட்டப் பேப்பரில் வரைந்த அளவு, ஏற்கெனவே இருக்கிறது. எந்தத் தையலுக்குப் பின் எதைத் திருப்ப வேண்டும் என்று கைக்குத் தெரியும். யோசித்த நேரம், வீணாக்கிய துணி எல்லாம் நீ விற்ற அத்தனை பைகள்மேலும் பரவிப் போயிருக்கும். தனி ஆர்டரில் அந்தப் பாரம் முழுக்க ஒரே பைமேல் ஏறும். "அதே பைதான், உள்ளே லேப்டாப்புக்கு ஓர் அறை மட்டும்" என்பார்கள். அந்த அறைக்குள் மெத்தை வைத்தால் ஓரம் தடிக்கும், தடித்தால் ஜிப் இழுக்கும், ஜிப்பை நகர்த்தினால் பக்கவாட்டுப் பட்டியின் நீளம் மாறும், கடைசியில் பேப்பர் பேட்டர்னை முதலிலிருந்து வரைய வேண்டும். மட்டமான துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்காமல் நல்ல துணியில் கத்திரி வைக்கவும் முடியாது. அந்த மாதிரிக்கு ஆகும் நேரத்தையும் துணியையும் விலையில் சேர். கூச்சப்படாதே. மாதிரிக்குத் தனியாக ஒரு வரி எழுதிக் காட்டினால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். சிலர் "அப்படியானால் பழைய பையே போதும்" என்பார்கள். அதுவும் நமக்கு நல்லதுதான்.

மணிக்கு எவ்வளவு போடுவது என்று கேட்டிருந்தாய். அதை நீதான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் எந்த மணியை எண்ணுகிறாய் என்பதில் கவனமாக இரு. எட்டு மணி நேரம் வேலைக்கு உட்கார்ந்தால் ஊசி ஓடுவது ஐந்து மணி நேரம் என்று வை. மீதி எல்லாம் துணி எடுக்கப் போவது, நனைத்துக் காயப்போடுவது, நிறம் இதுவா அதுவா என்று படம் அனுப்பிப் பேசுவது, கட்டி அனுப்புவது. தையல் நேரத்தை மட்டும் எண்ணி விலை போடுகிறவள் மணிக்கூலியை 1.6 மடங்காக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூன்று மணி நேரமும் இலவசம். நூல், ஊசி என்று சில்லறையையும் ஒதுக்காதே. சாதாரணத் தையலுக்கே தைக்கும் நீளத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் நூல் போகிறது. துணி ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடித்தால் பத்து மடங்குக்கும் மேல்.

"துணி நானே தருகிறேன், தையற்கூலி மட்டும் சொல்லு" என்று சிலர் வருவார்கள். கேட்க மலிவாக இருக்கும். ஆனால் அவர்கள் தரும் துணியின் அகலம் 36 அங்குலமா 44 அங்குலமா என்று அவர்களுக்கே தெரியாது. பூ ஒரே பக்கம் பார்த்த டிசைன் என்றால் துண்டைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்க முடியாது. நனைத்திருக்கவும் மாட்டார்கள். தைத்து முடித்த பிறகு நீளம் சுருங்கினால் பேச்சு உனக்குத்தான். அதனால் துணியின் விலையை மட்டும் கழி, கூலியில் ஒரு காசு குறைக்காதே.

இதிலேயே ஒரு வகை இருக்கிறது, இறந்துபோனவரின் சட்டைகளைக் கொண்டுவந்து தலையணை உறையோ போர்வையோ கேட்பார்கள். அதை நான் சாதாரண வேலையாகவே எடுப்பதில்லை. வெட்டு ஒரு அங்குலம் தவறினால் வேறு துணி எந்தக் கடையிலும் கிடையாது. பின்னல் துணி டீ-ஷர்ட் என்றால் இழுபடும், ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் இஸ்திரியில் ஒட்டும் கேன்வாஸ் வைத்த பிறகே வெட்ட வேண்டும். அந்தப் பயத்தோடு வேலை செய்தால் கை பாதி வேகத்தில்தான் ஓடும். விலையில் அந்த நிதானத்துக்கும் இடம் வேண்டும்.

முன்பணம் பற்றி. பாதி வாங்குவது பொதுவான வழக்கம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இவர் கடைசியில் வேண்டாம் என்று சொன்னால் இதை வேறு யாராவது வாங்குவார்களா? சாம்பல் நிறத்தில் சாதாரணத் தோள்பை என்றால் வாங்குவார்கள், பாதி போதும். குழந்தையின் பெயரைப் பூத்தையலில் போட்ட பை வேறு யாருக்கும் ஆகாது, முழுப் பணமும் வந்த பிறகுதான் ஊசி. துணியில் கத்திரி வைத்த பின் முன்பணம் திரும்பாது, இரண்டு தடவைக்கு மேல் மாற்றம் சொன்னால் தனிக் கட்டணம், இந்த இரண்டையும் விலையோடு சேர்த்து எழுத்தில் அனுப்பிவிடு. வாயால் சொன்னது நிற்காது.

பத்துப் பை சேர்த்து எடுத்தால் குறைத்துக் கொடுப்பாயா என்று கேட்பார்கள். குறைக்கலாம், மிச்சமாகும் நேரத்துக்கு மட்டும். துணியை அடுக்கி வெட்டலாம், நூல் மாற்றாமல் ஒரே ஓட்டமாக ஜிப் வைக்கலாம். தனியாக 50 நிமிஷம் எடுக்கும் சின்னப் பை, சேர்த்துத் தைத்தால் 40க்கு வருகிறது என்றால், குறைய வேண்டியது அந்த 10 நிமிஷத்தின் கூலிதான். மொத்தத்தில் பாதி அல்ல.

உறவுக்காரர்களுக்கு என்ன செய்வது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும். பாதி விலைக்குத் தைத்துக் கொடுப்பதைவிடச் சும்மாவே கொடுத்துவிடு. சும்மா கொடுத்தால் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். பாதி விலை என்றால் மீதிப் பாதிக்கும் பேரம் பேசுவார்கள், ஊருக்கெல்லாம் அதையே விலையாகச் சொல்லியும் வைப்பார்கள்.

அந்த அம்மாவிடம் "முடியாது" என்று சொல்லத் தேவையில்லை. 2 அங்குலத்துக்கு ஒரு விலை, 5 அங்குலத்துக்கு ஒரு விலை என்று இரண்டையும் எழுதி அனுப்பு. 5 அங்குலம் என்றால் 18க்கு 20, வெறும் 360 துண்டு. துணியும் நூற்றுக்கு 21 பங்குதான் கூடும், பார்வைக்கும் சின்னக் கட்டம்தான். நடுவில் ஒரு சதுரத்தில் மட்டும் 2 அங்குலக் கட்டம் வைத்துத் தருவதாகவும் சொல்லிப் பார். விலை கண்முன் இருந்தால் அவரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். பஞ்சு அடுக்கும் அடித்துணியும் வைத்துத் தைக்கும் வேலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதை மறந்துவிட்டு மேல்பாகத்துக்கு மட்டும் விலை சொல்லிவிடாதே.

எதற்குச் சரி என்றார் என்று எழுது. 5 அங்குலம் என்றால் என்னிடம் அந்த அளவுக்கு வெட்ட அட்டை இருக்கிறது, தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி