கொட்டைக்குள் எட்டுப் பேர்

அன்புள்ள சுந்தரம்,

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மூன்று வாரம் கடிகாரம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கா இத்தனை புலம்பல்? நாற்பது வருஷம் ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தவன், கொஞ்சம் ஓய்ந்திரு.

மகள் வீட்டுக்குத் தைபே வந்திருக்கிறேன். தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் எல்லாரும் பச்சை மணிக்கல்லில் செதுக்கிய முட்டைக்கோஸைத் தேடி ஓட, நான் ஓர் ஆலிவ் கொட்டை முன்னால் நின்றுவிட்டேன். கொட்டையைக் குடைந்து செய்த படகு. நீளம் 3.4 சென்டிமீட்டர், ஈச்சங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதற்குள் எட்டுப் பேர், மேசை, மேசைமேல் கிண்ணங்கள். ஜன்னல் கதவுகளைத் திறந்து மூடலாமாம். அடியில் பழைய சீனக் கவிஞர் சு டொங்போ செம்பாறை என்ற இடத்துக்குப் படகில் போனதைப் பற்றி எழுதிய இரண்டாம் பாடல், 300-க்கும் மேற்பட்ட எழுத்துகளில். கவிஞரும் படகிலேயே உட்கார்ந்திருக்கிறார்!

செய்தவர் சென் சூசாங். குவாங்டொங்கிலிருந்து 1729-இல் பெய்ஜிங் அரண்மனைப் பட்டறைக்கு வந்த தந்தச் சிற்பி. படகு 1737-இல் முடிந்தது. அடியில் தன் பெயருக்கு முன்னால், நம் 'அடியேன்' போன்ற ஓர் எழுத்தையும் பொறித்திருக்கிறார். பேரரசருக்கு இவ்வளவு சிறிதாகவா பணிவது என்று சிரிப்பு வந்தது.

அரண்மனைக்காரர்களின் கணக்கு விசித்திரமானது. தந்தத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவிப் பாய் முடைவார்கள். அது ஆடம்பரம் என்று யோங்செங் பேரரசர் 1734-இல் தடுத்தார். செதுக்கு வேலை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. அவர் மகன் சியென்லுங் காலத்தில், 1741-இல், சென்னும் வேறு சில சிற்பிகளும் சேர்ந்து அரண்மனைப் பெண்களின் பன்னிரண்டு மாதப் பொழுதுபோக்குகளைத் தந்தத்தில் 12 ஏடுகளாகச் செதுக்கினார்கள்.

அடுத்த வருஷமே, வயதாகிவிட்டது, கண் சரியில்லை, கை ஓடவில்லை என்று சொல்லி விடைபெற்று அவர் ஊர் திரும்பிவிட்டார். அதைப் படித்ததும் உன் ஞாபகம்தான். அவருக்கு உன் டாக்டர் கிடைக்கவில்லை, பாவம்.

எனக்கு விளங்காதது ஒன்று: அந்த ஜன்னல் கதவு எதில் சுழல்கிறது? கண்ணாடிப் பெட்டியில் மூக்கு முட்டும்வரை குனிந்து பார்த்துவிட்டேன், காவலாளி முறைத்தார். பெரிய படம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வந்ததும் உன் லென்ஸை வைத்துப் பார்த்து நீயே சொல். அதுவரை சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடு.

அன்புடன்,
கோபால்