செயலாளரின் ஆண்டறிக்கை: கிழவிக்குக் கால் பிடித்தவர்கள்

தலைவருக்கும் மன்ற உறவுகளுக்கும் வணக்கம்.

நிருவாகக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. போதிய ஆளில்லாமல் கலைந்தும் போனோம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது பொம்மலாட்டப் பட்டறையைப் பற்றி.

6 வார இறுதிகள் நடந்தது. முதல் இரண்டு நாளும் பொம்மையைக் கண்ணிலேயே காட்டவில்லை. மூன்று பேருக்கு ஒரு கசக்கிய பழுப்புக் கடதாசியைக் கொடுத்து, அதை மூச்சுவிட வைக்கச் சொன்னார் பயிற்றுநர். பெடியள் சிரித்தார்கள். மூவரின் மூச்சும் சேராவிட்டால் கையிலிருப்பது வெறும் கடதாசிதான் என்பது மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

நாங்கள் பழகியது யப்பானின் புன்ராகு பொம்மலாட்ட முறை. அதில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர். முதலாமவர் தலையையும் வலக்கையையும் ஆட்டுவார். இடக்கை இன்னொருவருக்கு, கால்கள் மூன்றாமவருக்கு. கால் பிடிக்கவே பத்து வருடம் பழக வேண்டும் என்பார்கள். நம்மிடமோ தலைக்கு ஆறு பேர் போட்டி, காலுக்கு ஆளில்லை. கோவலன் கூத்தாடியவர்கள்தான் கூடக் கஷ்டப்பட்டார்கள். களரியில் கால் அதிரத் தாளம் சொல்லிப் பழகியவரிடம், குனிந்து நின்று உன் காலை மறை என்றால் லேசில் வருமா?

சரி, கதைக்கு வருகிறேன். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி கிழவியாக வந்து, கடல்நீரில் விளக்கெரிய வைத்து, மாடு மேய்த்த சிறுவர்களிடம் பேன் பார்க்கச் சொல்ல, அவர்கள் தலை முழுக்கக் கண்களைக் கண்ட கதையை எடுத்தோம். ஊமல் கொட்டையில் தலை, பனந்தும்பில் முடி, முடிக்குள் குன்றிமணிக் கண்கள். கால் செய்வதா என்று ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். புன்ராகுவில் பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் காலே கிடையாது. ஆடையின் ஓரத்தை அசைத்தே நடக்க வைப்பார்கள் என்று பயிற்றுநர் சொன்னதும் விட்டுவிட்டோம். கால்காரர் பழைய சேலைக்குள் கைமுட்டியை நுழைத்தார். கிழவிக்கு முழங்கால் வந்தது. அன்றிலிருந்து காலுக்கும் போட்டி.

பொதுநோக்கு மண்டபத்தில் ஆடிய அன்று, உப்புநீர் விளக்குக்கென வைத்த பற்றரி லைட் இடையில் அணைந்துவிட்டது. தலை பிடித்த பிள்ளை பதறவில்லை. கிழவியின் முகத்தை மெல்ல விளக்கின் பக்கம் திருப்பி அப்படியே நிறுத்தினாள். மற்ற இருவரும் மூச்சை அடக்கினார்கள். முன் பாயில் இருந்த ஆச்சி ஒருவர், "எரியும் ஆத்தை, எரியும்" என்று கும்பிட்டார். ஒத்திகையில் இது இல்லை. நான் அந்த ஒரு நிமிடத்துக்காகவே இவ்வளவும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஆண்டுக்கு மாடும் சிறுவர்களும் செய்ய வேண்டும். மாட்டுக்கு நான்கு கால். இப்போதே பெயர் தாருங்கள்.

மண்டபக் கூரை ஒழுகுவதால் கிழவி என் வீட்டு அறையில் தொங்குகிறாள். எலி ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. குன்றிமணி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கவும்.

செயலாளர்