சனிக்கிழமை சர்வர் மாற்றம்: கோடு, படங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நம் பழைய மாணவர் தளத்தின் கோடும் (தளத்தை இயக்கும் நிரல்) படங்களும் வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் புதிய சர்வருக்குப் போகின்றன.

1. கையில் உள்ள மாற்றங்களை 8 மணிக்குள் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்து, அதாவது பதிவு செய்து, புஷ் பண்ணிவிடுங்கள், அதாவது சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு பழைய ரெப்போவை, அதாவது கோடு இருக்கும் களஞ்சியத்தை, தொட வேண்டாம்.

2. நிரல் கோடை மிரர் குளோன் (எல்லாம் அடங்கிய முழு நகல்) எடுத்து மிரராகவே புஷ் செய்கிறோம். சாதாரண குளோனை அப்படியே புஷ் செய்தால் பல கிளைகளும் (தனித்தனியாக வளரும் நிரல் வடிவங்கள்) டேகுகளும் (பதிப்புகளுக்கு இட்ட பெயர்க்குறிகள்) விட்டுப்போகும்.

3. படங்களுக்கு ஆர்சிங்க் (கோப்புகளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் கருவி). இங்கேதான் கவனம் தேவை. மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் ஃபோல்டருக்குள் இருப்பவை மட்டும் போகும். இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் 'படங்கள்/படங்கள்' என்று உட்கார்ந்துகொள்ளும், தளத்தில் ஒரு படமும் தெரியாது. டெலிட் ஆப்ஷன் சேர்த்தால், மூலத்தில் இல்லாதவை அந்தப் பக்கம் அழிந்துவிடும். எப்போதும் முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று பட்டியல் மட்டும் காட்டும் ஒத்திகை). பட்டியலைப் படித்த பிறகே நிஜ ஓட்டம்.

4. எஃப்டிபி (கோப்பு அனுப்பும் பழைய முறை) வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டு அப்பட்டமாகப் போகும்.

5. சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் பப்ளிக் கீயை (.பப் என முடியும் கோப்பு) வெள்ளிக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பிரைவேட் கீயை யாருக்கும் தராதீர்கள், எனக்கும்கூட. அதன் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத முடியும்) இருக்கட்டும். மற்றவர்களும் படிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது.

புஷ் முடித்தவர்கள் 'முடிந்தது' என்று இங்கே பதிலிடுங்கள். சனி இரவு உடனிருக்க இரண்டு பேர் வேண்டும், யார் வருகிறீர்கள்?